டெல்டா மண்ணுக்குச் சின்ன அட்வென்ச்சர் வண்டி: அறிகுறி பார்த்து சஸ்பென்ஷனையும் ஸ்ப்ராக்கெட்டையும் சரிசெய்வது

எக்ஸ்பல்ஸ் 200 போன்ற ஒரு அட்வென்ச்சர் பைக்கை வாங்கி மண்ணில் இறக்கியவர்களுக்குச் சில மாதத்திலேயே அதை மாற்றிப் பார்க்கும் ஆசை வந்துவிடும். ஆலோசனைக்கும் குறைவிருக்காது. ஆனால் அதில் பெரும்பகுதி லடாக்குக்கும் ஸ்பிட்டிக்கும் போகிறவர்களுக்குச் சொன்னது: பாறை, ஏற்றம், பின்னால் மூட்டை, அதற்கேற்ற இறுக்கமான ஸ்பிரிங், கூடுதல் உயரம். காவிரி டெல்டாவில் பாறை கிடையாது, ஏற்றம் என்றால் ஆற்றங்கரை ஏறுவதுதான். திருவாரூர், நாகை பக்கம் காலைக் கவ்வும் களி. கொள்ளிடத்திலும் வேதாரண்யம் கடலோரத்திலும் மணல். கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கம் வரிவரியாகப் பாவிய செம்மண் தடம். இந்த மூன்றையும் மெதுவாகத்தான் கடக்க முடியும். அதனால் இங்கே வண்டிக்கு முதலில் வேண்டியது இளகிய சஸ்பென்ஷன், பிறகு முதல் கியரில் நடைவேகத்தில் போகிற இழுவை. உயரம் கடைசி.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எதை முதலில் பார்ப்பது, எதை மாற்றுவது என்று எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டு எண்களுக்கு எக்ஸ்பல்ஸ் 200-இன் ஆரம்ப மாடலை வைத்துக்கொள்கிறேன்: முன்சக்கரப் பயணம் (சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரம்) 190 மில்லிமீட்டர், பின்சக்கரம் 170. ஹிமாலயன் 411 வைத்திருப்பவர்கள் 200, 180 என்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு விதி மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு அதே தடத்தில், அதே காற்றழுத்தத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயிலையும், செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டையும், டயரையும் ஒரே நாளில் மாற்றியவருக்கு, எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்பேனரை எடுக்கும் முன்

டயர் காற்றைப் பாருங்கள். தார்ச்சாலைக்கு அடித்த காற்றோடு மண்ணில் இறங்கினால் எந்த சஸ்பென்ஷனும் கல்லாகத்தான் தெரியும். டியூப் டயரில், களிக்கும் செம்மண்ணுக்கும் 18 முதல் 20 பிஎஸ்ஐ, ஆழ்ந்த மணலில் மெதுவாகப் போக 15 வரை இறக்கலாம். பாறை இல்லாததால் டியூப் கடிபட்டுப் பஞ்சர் ஆவது இங்கே குறைவு. ஆனால் மதகுக் கட்டையின் விளிம்பும் சிறுபாலத்தில் எடுப்பாக நிற்கும் சிமெண்ட் ஓரமும் அந்த வேலையைச் செய்யும். காற்றைக் குறைத்து ஓட்டிய பிறகு வால்வு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். சாய்ந்திருந்தால் ரிம்முக்குள் டயரோடு டியூபும் நகர்ந்திருக்கிறது, அடுத்து வால்வு கிழியும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போடுங்கள், அல்லது இரண்டு பிஎஸ்ஐ ஏற்றுங்கள். தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் காற்றை மறுபடி அடித்துவிட வேண்டும். கைப்பம்பு ஒன்று பையில் இருக்கட்டும்.

பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஹேண்டிலை இடம் வலமாக மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஹெட் பேரிங் போய்விட்டது. அதை மாற்றாமல் சஸ்பென்ஷனில் எதைச் செய்தாலும் பணம் வீண்.

அடுத்தது உட்காரும் அளவு, அதாவது எடைக்கு வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பது. இதை அளக்காமல் ஸ்பிரிங் வாங்குகிறவர்கள் ஏராளம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர்மேலே வால் பகுதியில் ஒரு புள்ளிக்கு டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டியை இறக்கி, யாரும் உட்காராமல் அதே இடத்தை மறுபடி அளங்கள். பிறகு ஹெல்மெட், பூட்ஸ், பை என்று வழக்கமாகப் போகும் கோலத்தில் நீங்கள் ஏறி உட்கார, இன்னொருவர் அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டியை ஒருமுறை அழுத்தி மெதுவாக எழவிட்டும், ஒருமுறை தூக்கி மெதுவாக இறக்கியும் அளந்து, இரண்டுக்கும் நடுவை எடுங்கள். ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீலின் உராய்வால் வரும் பிழை அதில் போய்விடும்.

ஆள் உட்கார்ந்தபோது மொத்தப் பயணத்தில் 30 முதல் 33 சதவீதம் இறங்க வேண்டும். 170-க்கு அது 51 முதல் 56 மில்லிமீட்டர். முன்பக்கம் 190-க்கு 57 முதல் 63. வண்டி மட்டும் நிற்கும்போது பின்பக்கம் 17 முதல் 22 இறங்கினால் போதும்.

இதில்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் வருகிறது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்கும் ப்ரீலோடைத் திருகி ஆள் உட்காரும் அளவைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டீர்கள். இப்போது ஆள் இல்லாத அளவைப் பாருங்கள். வண்டி தன் எடைக்கு 5 மில்லிமீட்டர்கூட இறங்காமல் நிமிர்ந்தே நிற்கிறதா? ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது. அதை அளவுக்கு மீறி அமுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மாறாக 35, 40 என்று இறங்குகிறதா? ஸ்பிரிங் உங்களுக்குத் தடிமன். நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ஸ்பிரிங் இறுக்கம் என்று நினைத்து இன்னும் மெலிதானதை வாங்கினால், பணமும் போய் வண்டியும் கெடும். ப்ரீலோட் ஸ்பிரிங்கை இறுக்கமாக்குவதில்லை, வண்டி நிற்கும் உயரத்தை மட்டும் மாற்றுகிறது. இந்த ஒன்று மனத்தில் பதிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பின்னால் ஆள் ஏற்றுகிறவர்களும், அறுவடைக் காலத்தில் மூட்டை ஏற்றுகிறவர்களும் ப்ரீலோடைத் திருகும் சி-ஸ்பேனரைக் கையோடு வைத்திருங்கள். சுமைக்கு ஏற்றிய படியைத் தனியாக ஓட்டும்போது இறக்கிவிட வேண்டும்.

கரையிலிருந்து இறங்கும்போது முன்பக்கம் "டக்" என்று அடிக்கிறது

ஃபோர்க் குழாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையை லேசாக இறுக்கிக் கட்டி, சீலை ஒட்டிக் கீழே தள்ளிவைத்து ஓட்டுங்கள். அது மேலே ஏறி நின்ற இடம்தான் ஃபோர்க் அமுங்கிய எல்லை. ஒரு முழுச் சுற்றில் ஒரே ஒரு பெரிய பள்ளத்தில் கடைசிவரை போயிருந்தால் நல்லது. கொடுத்த பயணத்தை வண்டி பயன்படுத்துகிறது. ஒவ்வொரு வாய்க்கால் இறக்கத்திலும் அடித்தால்தான் கோளாறு.

முன்பக்கம் உட்காரும் அளவு 70-ஐத் தாண்டினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஃபோர்க்கின் மேல் மூடியான டாப் கேப்பின் கீழே 10 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைப்பது எளிய வழி. லேத்தில் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். கனமான பிவிசி பைப்பைச் சமமாக வெட்டி, இரு பக்கமும் வாஷர் வைத்தும் செய்கிறார்கள். 15-ஐத் தாண்டி வைக்காதீர்கள். ஃபோர்க் முழுதாக அமுங்கும்போது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் உள்ளே ஏதாவது உடையும். டாப் கேப்பைக் கழற்றும் முன் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்திருக்க வேண்டும். கடைசி இழைகளில் கேப்பை அழுத்திப் பிடித்தபடியே திருகுங்கள், அது ஸ்பிரிங் விசையோடு மேலே பாயும். முகத்தைக் குனிந்து வைக்காதீர்கள்.

உட்காரும் அளவு சரியாக இருந்தும் அடிக்கிறது என்றால் ஆயில் மட்டத்தை உயர்த்துங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுக்க அமுக்கி, குழாயின் வாயிலிருந்து ஆயில் வரை அளப்பதுதான் மட்டம். ஆயிலுக்கு மேலே அடைபட்ட காற்றே கடைசி மூன்றிலொரு பங்கு பயணத்தில் இன்னொரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. மட்டம் உயர்ந்தால் காற்றிடம் குறையும், கடைசிப் பகுதி மட்டும் கனக்கும், மேல்பகுதி இளகியே இருக்கும். டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான, இதைவிடச் செலவு குறைந்த மாற்றம் எனக்குத் தெரியாது. 10 மில்லிமீட்டர் உயர்த்த 37 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் ஒரு காலுக்குச் சுமார் 8 மில்லிலிட்டர்தான் பிடிக்கும். ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள். இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பத்துப் பத்தாக ஏற்றி, 20-க்கு மேல் போகும் முன் ஸ்பிரிங்கை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அளவு மீறினால் காற்றழுத்தம் சீலைத் தள்ளிவிடும்.

பட்டறையில் இதற்குச் சொல்லும் முதல் வைத்தியம் தடித்த ஆயில். வேண்டாம். இந்த வகை வண்டிகளின் சாதாரண ஃபோர்க்கில் ஆயில் நிலையான சிறு துளைகள் வழியாகத்தான் ஓடுகிறது. வேகமாக அமுங்கும்போது அந்தத் துளைகள் தரும் எதிர்ப்பு பலமடங்காக ஏறும். ஆயில் தடித்தால் பெரிய பள்ளத்தில் கொஞ்சம் தாங்கும், சின்ன வரியிலெல்லாம் கை நடுங்கும்.

சின்ன மேடுகளில் கை மரத்துப்போகிறது, ஃபோர்க் பாதிகூட அமுங்கவில்லை

ஒரத்தநாடு பக்கச் செம்மண் வரித்தடத்தில் எல்லோரும் சொல்லும் புகார். செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

சமீபத்தில் முன்சக்கரத்தைப் பஞ்சருக்குக் கழற்றினீர்களா? மாட்டும்போது ஃபோர்க்கின் இரண்டு கால்களும் ஒன்றுக்கொன்று இணையாக அமராமல் ஆக்ஸிலை இறுக்கியிருப்பார்கள். ஆக்ஸிலைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டிலை நன்றாகப் பலமுறை அழுத்தி எழவிட்டு, கால்கள் தாமாக இடம் பிடித்த பிறகு இறுக்குங்கள். வண்டி வேறு வண்டியாகும். இதற்காக ஃபோர்க்கைப் பிரித்து ஆயில் மாற்றியவர்கள் உண்டு.

அது இல்லையென்றால் தூசி சீல். களி காய்ந்து சீலின் உதட்டுக்கு அடியில் வளையமாக உறைந்திருக்கும். தூசி சீலை மெல்லக் கீழே இறக்கித் துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவி ஏற்றுங்கள். அதன் பிறகும் கை நடுங்கினால் ஆயிலை ஒரு படி மெலிதாக்கிப் பாருங்கள். 10 எண் இருந்தால் 7.5 அல்லது 5. டப்பாவில் ஒரே எண் இருந்தாலும் ஒரு நிறுவனத்தின் ஆயில் இன்னொன்றைப் போல் ஓடாது. பாதி இது பாதி அது என்று கலக்காமல் ஒரே டப்பாவில் இரண்டு கால்களையும் நிரப்புங்கள். வண்டி வாங்கியதிலிருந்து ஃபோர்க் ஆயிலை மாற்றவே இல்லை என்றால், எண்ணைப் பற்றிப் பேசும் முன் பழையதை வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் குழம்பாக வரும்.

தொடர்ந்து வரும் குழிகளில் மூன்றாவது, நான்காவது குழியிலிருந்து கல்லாக அடிக்கிறது

முதல் இரண்டு குழி மெத்தென்று போய்ப் பிறகு கடினமாவதுதான் இதன் அடையாளம். அமுங்கிய ஷாக் அடுத்த குழி வருவதற்குள் எழவில்லை. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் தாழ்ந்து, கடைசியில் பயணமே மிச்சமில்லை. எழும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் திருகு உள்ள ஷாக் என்றால் இரண்டு கிளிக் திறந்துவிடுங்கள். திருகு இல்லாத ஃபோர்க் என்றால் ஆயில் தடிமன்.

இதற்கு நேர் எதிர், மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் உங்களைத் தூக்கி முன்னே தள்ளுவது. அங்கே ரீபவுண்ட் தடுப்பு போதவில்லை. நிறைய ஓடிய, பிரித்துச் சரிசெய்ய முடியாத ஷாக்கில் உள்ளே கேஸும் ஆயிலும் கலந்து நுரைத்துப்போய், இருந்த தடுப்பும் இல்லாமல் போயிருக்கும். சித்திரை வெயிலில் ஓட்டத் தொடங்கும்போது சரியாக இருந்து, அரை மணியில் குதிக்க ஆரம்பித்தால் ஷாக் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ப்ரீலோடைக் கூட்டினால் இந்தக் குதிப்பு அதிகமாகவே செய்யும்.

மணலில் முன்சக்கரம் தன் போக்கில் போகிறது

மணலில் கொஞ்சம் அலைவது இயல்பு. கொள்ளிடப் படுகையில் எந்த வண்டியும் நேர்க்கோட்டில் போகாது. நின்றுகொண்டு, எடையைப் பின்னே வைத்து, ஆக்சிலேட்டரை விடாமல் ஓட்டினால் அலைவு குறையும். அப்படி ஓட்டியும் முன்சக்கரம் புதைந்து மடங்குகிறது என்றால் வண்டியின் முன்பக்கம் பின்பக்கத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது.

பெரும்பாலும் இது உயரம் ஏற்றியதன் பின்விளைவு. பின் ஷாக்கை இணைக்கும் லிங்க்கை மாற்றியோ நீளமான ஷாக் போட்டோ பின்பக்கத்தை மட்டும் 30 மில்லிமீட்டர் தூக்கிவிட்டு, முன்பக்கத்தை அப்படியே விட்டிருப்பார்கள். ஸ்டியரிங் செங்குத்தாகி, தார்ச்சாலை வளைவில் சுறுசுறுப்பாகத் தெரியும், மணலில் பயமுறுத்தும். ஃபோர்க் குழாய்கள் மேல் கிளாம்புக்கு மேலே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று பாருங்கள். நீட்டம் இருந்தால் கிளாம்பைத் தளர்த்தி 5 மில்லிமீட்டர் கீழே இறக்கி ஓட்டிப் பாருங்கள். பிறகு இன்னொரு 5. நீட்டமே இல்லையென்றால் பின்பக்கத்தை இறக்குவதுதான் வழி. உயரம் ஏற்றிய வண்டியில் சைடு ஸ்டாண்டும் போதாமல் போகும், மண்ணில் வண்டி இடப்பக்கம் அதிகமாகச் சாயும். அதற்கு அடியில் ஒரு தட்டைப் பற்றவைத்தால் உயரமும் கிடைக்கும், களியில் புதைவதும் நிற்கும்.

கொள்ளிடத்தைப் பற்றி ஒன்று. வெள்ளக் காலத்தில் முக்கொம்பிலிருந்து உபரி நீர் அந்த வழியாகத்தான் போகிறது. மேட்டூரில் தண்ணீர் அதிகமாகத் திறந்த செய்தி வந்தால் படுகையில் இறங்கக் கூடாது. கோடியக்கரைச் சரணாலயத்துக்குள்ளும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள்ளும் மணல் இருக்கிறதே என்று வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். வரப்பில் ஏறாதீர்கள், அது இன்னொருவர் கட்டிய மண், அதை மிதித்தால் அவர் வயல் தண்ணீர் வடியும்.

களியில் முதல் கியரிலும் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விட வேண்டியிருக்கிறது, கருகல் வாசம் வருகிறது

இங்கே எல்லோரும் ஸ்ப்ராக்கெட் கடைக்குப் போவார்கள். அதற்கு முன் இரண்டு விஷயம்.

முதலில் சக்கரம் சுற்றுகிறதா பாருங்கள். வண்டல் களி டயரில் ஒட்டி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இறுகி, பிரேக் பிடித்தமாதிரி சக்கரத்தை நிறுத்திவிடும். வண்டியை நியூட்ரலில் தள்ளிப் பாருங்கள். தள்ளவே முடியவில்லை என்றால் அது கியரின் குறை இல்லை. டயரை ஒட்டியிருக்கும் முன் மட்கார்டை ஸ்பேசர் வைத்து உயர்த்துங்கள், அல்லது மழைக்காலத்துக்கு உயர மட்கார்டு மட்டும் வைத்து ஓட்டுங்கள். பின்னால் டயரை ஒட்டிய சேற்றுத் தடுப்பையும் கழற்றிவிடலாம்.

இரண்டாவது, தார்ச்சாலையில் நான்காவது கியரில் முழு ஆக்சிலேட்டர் கொடுங்கள். எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. லிவரின் நுனியில் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தளர்வே இல்லாத கேபிள் கிளட்ச்சை எப்போதும் பாதி பிடித்தே வைத்திருக்கும்.

இவை இரண்டும் சரி என்றால், குறை கியரில்தான். அறுவடை முடிந்த வயலோரப் பாதையில் பெல்ட் மிஷின் (பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம்) போன தடம் முழங்கால் ஆழத்துக்கு இருக்கும். அதற்குள் மனிதர் நடக்கிற வேகத்தில், கிளட்ச்சை முழுக்க விட்டு, எஞ்சின் திணறாமல் போக முடிய வேண்டும். சின்ன எஞ்சினுக்கு நிறுவனம் கொடுத்த பல் எண்ணிக்கை நெடுஞ்சாலையையும் மனத்தில் வைத்துப் போட்டது.

உங்கள் வண்டியின் பற்களை எண்ணுங்கள், மாடலுக்கு மாடல் மாறும். கணக்குக்கு முன்னால் 13, பின்னால் 40 என்று வைத்துக்கொள்வோம். 40-ஐ 13-ஆல் வகுத்தால் 3.08. முன்னால் ஒரு பல் குறைத்து 12 போட்டால் 3.33, இழுவை 8 சதவீதம் கூடும். முன்னால் 13-ஐ விட்டுவிட்டுப் பின்னால் 43 போட்டாலும் ஏறத்தாழ அதே 3.31. அதாவது முன்னால் ஒரு பல், பின்னால் மூன்று பல்லுக்குச் சமம். 12-க்கு 44 போட்டால் 3.67, 19 சதவீதம். இது வயலில் அருமையாக இருக்கும். ஆனால் முன்பு 95 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுற்றிய அதே சுற்று இப்போது 80-இலேயே வந்துவிடும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை நெடுஞ்சாலையில் போய்வருகிற வேலை உங்களுக்கு இருந்தால் இது ஒத்துவராது.

என் பரிந்துரை: முதலில் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள். விலை குறைவு, அரை மணி வேலை, பிடிக்காவிட்டால் பழையதை மாட்டிக்கொள்ளலாம். குறுவை, சம்பா எல்லாம் பார்த்து, இதுதான் வேண்டும் என்று உறுதியான பிறகு, செயின் தேய்ந்து மாற்றும் நேரத்தில் முன்னால் பழைய அளவுக்கே திரும்பிப் பின்னால் மூன்று பல் ஏற்றுங்கள். முன் பல் சின்னதாக ஆக, செயின் அதிகமாக மடங்கும், சீக்கிரம் தேயும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மேலிருக்கும் ரப்பரையும் அறுக்கும். 12-க்குக் கீழே போக நான் சொல்லமாட்டேன்.

முன் போல்ட்டைத் தளர்த்தும்போது செயின் மாட்டியபடியே, பின்பிரேக்கை மிதித்துக்கொண்டு தளர்த்துங்கள். ஒரு பல் குறைந்தால் ஆக்ஸில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் பின்னால் போகும், அதற்கு இடம் இருக்கும். பின்னால் நான்கு பல் ஏற்றினால் ஆக்ஸில் ஒரு செயின் கண்ணி அளவு முன்னால் வரும். அட்ஜஸ்டரில் அவ்வளவு இடம் இல்லையென்றால் நீளமான செயின் வேண்டும். தேய்ந்த செயினைப் புது ஸ்ப்ராக்கெட்டில் மாட்டாதீர்கள், பற்களைத் தின்றுவிடும்.

ஸ்பீடோமீட்டர் முன்சக்கரத்திலிருந்து வேகத்தை எடுக்கும் வண்டியில் எதுவும் மாறாது. கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டியில் உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும், கிலோமீட்டரும் வேகமாக ஓடும். மைலேஜ் திடீரென்று ஏறியதாகத் தெரிந்தால் அதை நம்ப வேண்டாம்.

ஸ்ப்ராக்கெட் மாற்றியதும் குழியில் "கடக்" சத்தம், செயின் முறுக்குகிறது

செயின் இறுக்கத்தை வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது பார்த்துவிட்டு விடுகிறார்கள். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் திருகும் மையம், பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகபட்சம் இறுகும். இரண்டு பேர் வண்டியின் பின்பக்கத்தை அமுக்கியோ, ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிச் சக்கரத்தைத் தூக்கியோ மூன்றையும் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையிலும் செயினில் விரலால் ஆட்டும் அளவுக்குத் தளர்வு இருக்க வேண்டும். பிறகு வண்டியை ஸ்டாண்டில் வைத்து அங்கே வரும் தளர்வை அளந்து, அதை உங்கள் வண்டியின் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பயணத்தைக் கூட்டிய வண்டியில் அது கையேட்டு எண்ணைவிடக் கூடுதலாகத்தான் வரும். இறுகிய செயின் ஷாக்கை அமுங்கவிடாது. பலர் ஷாக் கோளாறு என்று நினைப்பது இதுதான். கியர்பாக்ஸ் பேரிங்கையும் அது கெடுக்கும்.

சேற்றில் செயின் கழல்கிறது, முன் கவரிலிருந்து அரைக்கும் சத்தம்

வைக்கோல். சாலையில் போரடிக்கவும் காயவும் பரப்பிய நெல் தாளின்மேல் ஓட்டினால், அது செயினோடு உள்ளே போய் முன் ஸ்ப்ராக்கெட்டின் பின்னால் கயிறாகச் சுற்றிக்கொள்ளும். அதன்மேல் களி ஏறினால் செயினைப் பல்லிலிருந்து தூக்கிவிடும். நாள்பட்டால் அவுட்புட் ஷாஃப்ட்டின் ஆயில் சீலை அறுத்து எஞ்சின் ஆயில் கசியும். அறுவடைக் காலத்தில் முன் கவரை அடிக்கடி கழற்றிப் பாருங்கள். கவரின் அடியில் களி வெளியேற வழி திறந்திருக்கட்டும். ஓ-ரிங் செயினைப் பெட்ரோலால் கழுவாதீர்கள், ரப்பர் கெடும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சேற்றுக்கு முன் செயின் லூப் (உயவு எண்ணெய்) குறைவாக இருப்பது நல்லது, ஒட்டும் லூப் களியை இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஃபோர்க்கில் ஆயில் கசிகிறது

உடனே சீல் மாற்ற வேண்டியதில்லை. தூசி சீலை இறக்கி, பழைய எக்ஸ்ரே பிலிமை ஓரத்தில் கொக்கி போல் வெட்டி, ஆயில் சீலுக்கும் குழாய்க்கும் நடுவில் செருகி, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே இழுங்கள். மாட்டியிருந்த மண் அதோடு வந்துவிடும். நான்கைந்து முறை அமுக்கித் துடைத்துவிட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் சீல் நன்றாகவே இருக்கிறது. நிற்கவில்லை என்றால் குழாயில் நகத்தால் தடவி, துருப்புள்ளி தட்டுப்படுகிறதா பாருங்கள். இருந்தால் நுண்ணிய எமரியால் தேய்க்காமல் புதுச் சீல் போட்டால் அதையும் கிழிக்கும். கசியும் ஆயில் பிரேக் டிஸ்க்கில் பட்டிருந்தால் பேடையும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

பின்பக்கம் திடீரென்று இறுகிவிட்டது, எந்தத் திருகுக்கும் அசையவில்லை

வேதாரண்யம் உப்பளப் பக்கம் போய்வந்த வண்டிகளிலும், மழைக்காலம் முழுக்க ஓடிய வண்டிகளிலும் இதைப் பார்க்கலாம். மோனோ ஷாக்கை லிங்க் வழியாகப் பொருத்தியிருக்கும் வண்டிகளில், அந்த லிங்க்கின் சின்ன நீடில் பேரிங்குகள் சேறு தெறிக்கும் இடத்திலேயே இருக்கின்றன. தண்ணீர் புகுந்து, கிரீஸ் கரைந்து, துரு பிடித்து இறுகும். ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஸ்விங் ஆர்மைக் கையால் தூக்கி இறக்குங்கள். தன் எடைக்கே மெதுவாக இறங்க வேண்டும். பிறகு லிங்க்கைத் தனியாக ஆட்டிப் பாருங்கள். கரகரவென்றால் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தண்ணீர் கரைக்காத மரைன் வகை கிரீஸை நிறைய அடைத்து மாட்டுங்கள். நீடில் குச்சிகள் உதிர்ந்து விழாமல் கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் புஷ்ஷில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்தால் பேரிங்கும் புஷ்ஷும் சேர்த்தே மாற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை, மழை ஓய்ந்த பிறகு தை மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். கடலோரம் போன நாளில் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் லிங்க், ஸ்போக், செயின் மூன்றையும் கழுவுங்கள். பேரிங் சீல்மேல் நேராக பிரஷர் வாட்டர் அடிக்க வேண்டாம்.